உப்பில் தொடங்கும் செவிநலம்

செவித்திறன் பாதுகாப்பு பிறந்த குழந்தையின் காதிலிருந்து அல்ல, கருவுற்ற தாயின் உணவிலிருந்தே தொடங்க வேண்டும். ஹைதராபாத் தார்நாகாவில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், அயோடினையும் இரும்புச்சத்தையும் ஒருங்கே சேர்த்த உப்பை உருவாக்கியது. 1918-இல் குன்னூரில் தொடங்கி, 1958-இல் ஹைதராபாதுக்கு இடம்பெயர்ந்த நிறுவனம் இது.

தாய்க்கு அயோடின் கடுமையாகக் குறைந்தால் தைராய்டு சுரப்பு குன்றி, சிசுவின் மூளையும் உட்செவியும் சரிவர வளர்வதில்லை. கேளாத குழந்தைக்குப் பேச்சுமொழியும் எட்டாமல் போகிறது. செவித்திறன் குறைபாடு அனைத்துக்கும் அயோடின் காரணமல்ல. ஆனால், இந்தக் காரணம் எளிதில் தடுக்கக்கூடியது.

அயோடின் சேர்க்காத உப்பை உணவுக்காக விற்பதற்கான தடையை, மக்கள் விருப்பத்துக்கு விட வேண்டிய விஷயம் எனக் கூறி 2000-இல் மத்திய அரசு விலக்கிக்கொண்டது. 2006 மே மாதம் தடை மீண்டும் வந்தது. ஆயினும் 2018-19 ஆய்வின்படி, போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் குடும்பங்கள் நாட்டில் 76.3 சதவீதம், ஆந்திரத்தில் 63.9, தமிழகத்தில் 61.9 மட்டுமே. மாநிலங்களில் கடைசி இடம் தமிழகத்துக்கு! தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் உப்பு விளைவிக்கும் மாநிலத்துக்கு இது தலைகுனிவு.

காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சைக்குக் காப்பீட்டுத் திட்டத்தில் நிதி ஒதுக்குவது பாராட்டத்தக்கதே. அதே அக்கறை உப்பளத்திலும் தெரிய வேண்டும். சிறு உற்பத்தியாளர்கள்மீது வழக்குத் தொடுத்தால் மட்டும் போதாது. அயோடின் கலக்கும் வசதியை அவர்களுக்கு அளித்து, சில்லறைக் கடை வரை உப்பின் தரத்தை அரசு தொடர்ந்து சோதிக்க வேண்டும்.