26 வாரம் முடியுது: மும்பையில் கைக்குழந்தையை யாரிடம் விட்டுட்டு வேலைக்குப் போவது?

நீங்கள் செம்பூரில் இருக்கிறீர்கள், ஹார்பர் லைனில் சிஎஸ்எம்டி போய் வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மகப்பேறு விடுப்பு முடிய இன்னும் ஆறு வாரம். ஊரிலிருந்து வந்த அம்மா, "அப்பா அங்க தனியா கஷ்டப்படுறார்"னு சொல்லி டிக்கெட் பார்க்கச் சொல்லிட்டாங்க. மாமியாருக்கு முட்டி வலி. 'எப்போ ஜாயின் பண்றீங்க?' என்று ஹெச்.ஆர். மெயிலும் வந்தாச்சு.

முதலில் ஒரு கணக்கு. 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு. அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்னாடியே எடுக்கலாம். அப்படி எடுத்திருந்தால், நீங்கள் ஆபீஸ் திரும்பும் நாளில் குழந்தைக்கு வயது 18 வாரம், அதாவது நாலு மாசம் சொச்சம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்த இடைவெளியை யார் நிரப்புவது என்பதற்குச் சட்டத்தில் இருக்கும் ஒரு பதில் கிரெச்.

ஆபீஸில் கிரெச் கேட்கலாமா?

கேட்கலாம், அது உங்கள் உரிமை. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் கிரெச் வசதி தர வேண்டும் என்பது 2017 ஜூலை 1 முதல் சட்டம். இந்த 50 பேரில் ஆண்களும் அடக்கம். 'எங்க டீமில் நாலு பெண்கள்தானே' என்ற பதில் செல்லாது. தாய் ஒரு நாளைக்கு நாலு முறை போய்க் குழந்தையைப் பார்க்கலாம். 15 மாதம் வரை பாலூட்ட இரண்டு இடைவேளை தனி. 2025 நவம்பர் 21-இல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தபோதும் இந்த ஏற்பாடு தொடர்ந்தது. ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். நாலு முறை போவதில் உங்கள் ஓய்வு இடைவேளையும் சேர்த்தி. நிறுவனம் தானே கிரெச் கட்ட வேண்டியதில்லை, வெளியில் இருக்கும் பொது கிரெச்சோடு சேர்ந்துகொள்ளலாம்.

'நாலு முறை போகலாம்' என்று சட்டம் சொல்வது தாயை மட்டும்தான். அப்பாவும் போய்ப் பார்க்கலாம் என்று எழுத யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

ஹெச்.ஆரிடம் வாயால் கேட்காதீர்கள், மெயிலில் கேளுங்கள். எந்த கிரெச், எவ்வளவு தூரம், செலவு யாருடையது, எத்தனை மாதக் குழந்தையிலிருந்து சேர்ப்பார்கள் என்று கேளுங்கள். மத்திய அரசு 2018-இல் தந்த வழிகாட்டுதல், 500 மீட்டருக்குள் கிரெச் இருக்கணும் என்றது. அது சேவை தரச் சொன்ன வயது ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை. உங்கள் நாலு மாதக் குழந்தை அதிலும் விழாது. அதனால்தான் பிரசவத்துக்கு முன் எத்தனை வாரம் எடுப்பது என்பதை முன்கூட்டியே யோசிக்கச் சொல்கிறோம்.

இன்னொன்று: கிரெச் நரிமன் பாயின்டில் இருந்து, அங்கே போக லோக்கல்தான் வழி என்றால், காலை எட்டரை மணிக் கூட்டத்தில் கைக்குழந்தையோடு ஏறுவதை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு வீட்டுப் பக்கத்தில் நடந்து போகும் தூரத்தில் இருக்கும் இடம்தான் நல்லது என்பது என் கருத்து.

பாள்ணாகர் எப்படி?

மராத்தியில் பாள்ணா என்றால் தொட்டில். மும்பையில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வீடுகளுக்கு இதுதான் பெயர். மாட்டுங்காவிலோ திலக் நகரிலோ விசாரித்தால், சொந்த ஃபிளாட்டிலேயே நாலைந்து குழந்தைகளை வைத்துப் பார்க்கும் ஒரு ஆன்ட்டியோ மாமியோ கிடைப்பார்கள். குழந்தை தமிழ் கேட்டு வளரும், ரசம் சாதம் கிடைக்கும். பலருக்கு இதுவே நல்ல வழி. ஆனால் தெரிந்துகொள்ளுங்கள்: தனியார் டே கேர்களுக்கு உரிமம் கட்டாயம் என்று சொல்லும் மத்தியச் சட்டம் எதுவும் கிடையாது. தேசிய குழந்தைகள் உரிமை ஆணையம் தனியார் பிளே ஸ்கூல்களுக்குத் தந்த வழிகாட்டுதலும் 3 வயது முதல் 6 வயது வரையிலான குழந்தைகளுக்குத்தான். ஒரு வயதுக்குக் கீழே உள்ள குழந்தையை வைத்திருக்கும் இடத்தைச் சோதிக்கும் வேலை பெரும்பாலும் உங்கள் தலையில்தான்.

2016 நவம்பரில் நவி மும்பையின் கார்கரில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். ஒரு டே கேரில் பத்து மாதக் குழந்தையை ஆயா அடித்து உதைத்த சிசிடிவி காட்சி நாடு முழுக்கப் பரவியது. போலீஸ் ஆயாவைக் கைது செய்தது. அதைப் பார்த்துவிட்டு எல்லோரும் 'கேமரா இருக்கா?' என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஆனால் அந்த இடத்தில் கேமரா இருந்தது. குழந்தையின் உடலில் காயத்தைப் பெற்றோர் கவனித்து, டாக்டரிடம் காட்டி, போலீஸுக்குப் போன பிறகுதான் அதில் பதிவானதை யாரும் பார்த்தார்கள்.

ஆக, கேமரா இருக்கா என்பதோடு நிற்காமல், அதை யார் எப்போ பார்க்கிறார்கள், உங்கள் போனில் தெரியுமா என்றும் கேளுங்கள். அதைவிட முக்கியம், சொல்லாமல் போய் நிற்க முடியுமா என்பது. "ஃபோன் பண்ணிட்டு வாங்க" என்று வாசலிலேயே சொல்லும் இடத்தை, எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், நான் தவிர்ப்பேன். மதியம் ஒரு மணிக்குப் போங்கள். எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே நேரத்தில் பசியும் தூக்கமும் வரும் நேரம் அது. அப்போது ஆயாவின் குரல் எப்படி இருக்கிறது என்று கேட்டாலே பாதி தெரிந்துவிடும்.

ஒரு ஆயாவுக்கு எத்தனை குழந்தை? 2018 வழிகாட்டுதல், 3 வயதுக்குக் கீழ் 10 குழந்தைகளுக்கு ஒரு பணியாளர், கூட ஒரு உதவியாளர் என்றது. பேப்பரில் சரி. ஆனால் தவழாத குழந்தைகள் நாலு பேர் ஒரே நேரத்தில் அழுதால் ரெண்டு கை என்ன செய்யும்? கைக்குழந்தைகளுக்கு மட்டும் தனியாக ஆள் இருக்காங்களா, அவங்க லீவு போட்டால் யார் வருவார்கள் என்று கேளுங்கள்.

அப்புறம் மும்பைக்காரர்கள் மட்டுமே கேட்க வேண்டிய ஒரு கேள்வி: ரயில் நின்றால்? 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை கொட்டியபோது, ஆபீஸ் போனவர்கள் பலர் அன்று இரவு வீடு திரும்பவில்லை. அது அரிது, ஆனால் கிங்ஸ் சர்க்கிளில் தண்ணீர் தேங்குவதும் ஹார்பர் லைன் முடங்குவதும் கிட்டத்தட்ட வருஷா வருஷம். ஏழு மணிக்கு மூடும் இடம் அன்றைக்கு என்ன செய்யும்? உங்கள் சொசைட்டியிலேயே ஒருவரின் பெயரையும் போட்டோவையும் 'இவரிடம் குழந்தையைத் தரலாம்' என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

எடுத்து வைத்த பால் கொடுத்தனுப்புகிறீர்களா? 25 டிகிரி அறையில் 4 மணி நேரம், ஃபிரிட்ஜில் 4 நாள் என்பது பொதுவான கணக்கு. மே மாத மும்பையில் 25 டிகிரி அறை ஏசி போட்டால்தான் உண்டு. ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டே சேருங்கள்.

வீட்டுக்கே ஆள் வைத்தால்?

செம்பூர், மாட்டுங்கா, சயான் வீடுகளுக்கு வேலைக்கு வரும் பெண்களில் பலர் தாராவியிலிருந்து வருகிறார்கள். திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழ் பேசும் அக்காக்களும் அதில் உண்டு. தெரிந்தவர் சொல்லி வருபவரோ, ஏஜென்சி அனுப்புபவரோ, ஆதார் நகல், போலீஸ் ஸ்டேஷனில் விவரப் பதிவு, முன்பு வேலை செய்த வீட்டுக்கு ஒரு போன், இந்த மூன்றும் கட்டாயம். இதையெல்லாம் எல்லோரும் சொல்வார்கள். யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கு: "உங்க குழந்தையை யார் பார்த்துக்கிறாங்க?"

இது பரிதாபக் கேள்வி இல்லை, உங்கள் குழந்தையின் பாதுகாப்பும் இதில்தான் இருக்கு. 1975-இல் ஐசிடிஎஸ் திட்டம் தொடங்கிய முதல் இடங்களில் தாராவியும் ஒன்று. ஆனால் அங்கன்வாடி சில மணி நேரம்தான் நடக்கும், மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் வீட்டுக்கு எடுத்துப் போகும் சத்துணவுப் பொட்டலம்தான். அங்கன்வாடியோடு கிரெச்சும் சேர்த்து நடத்தும் 'பால்ணா' திட்டத்தில் நாடு முழுக்க 17,000 மையங்கள் என்பது இலக்கு. இந்தியா அளவுக்கு அது கடலில் கரைத்த பெருங்காயம். ஆகவே உங்கள் வீட்டு அக்காவின் ரெண்டு வயசுப் பிள்ளை பக்கத்து வீட்டிலோ, பள்ளிக்கு மட்டம் போட்ட மூத்த பெண்ணிடமோ இருக்கலாம். அங்கே காய்ச்சல் வந்தால் அன்றைக்கு அவர் வர மாட்டார், அல்லது மனசை அங்கே வைத்துவிட்டு உங்கள் குழந்தையைத் தூக்குவார்.

வீட்டுப் பணியாளர்களுக்குத் தனிச் சட்டம் பற்றி ஆராயக் குழு அமைக்கும்படி உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் மத்திய அரசுக்குச் சொன்னது. மகாராஷ்டிரத்தில் 2008-லேயே நல வாரியச் சட்டம் இருக்கிறது. அவர் பதிவு செய்திருக்கிறாரா என்று கேட்டு, இல்லையென்றால் ஃபார்ம் நிரப்ப உதவுங்கள். அவர் வீட்டுக் குழந்தைக்கு உடம்பு சரியில்லாத நாளில் சம்பளம் பிடிக்க மாட்டோம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அப்போதுதான் காலை ஆறு மணிக்கே "இன்னைக்கு வர முடியாது"னு போன் வரும், ஒன்பது மணிக்கு ஸ்விட்ச் ஆஃப் ஆகாது. அந்த நாளைக்கு நீங்களும் கணவரும் யார் லீவு போடுவது என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய மேனேஜருக்கும் அது தெரியட்டும்.