ஒடிந்த நகமும் ஒட்டு நகமும்

 

நம் திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரத்தில் பெண்மக்களின் கைகள் சும்மா இருந்து வளர்ந்தவை அல்ல. பருத்தி எடுக்கையில் காய்ந்த ஓட்டின் முனை விரலைக் கீறும். தறியில் இழை முடிந்து முடிந்து நகம் தேயும். சீமைக்கருவேல முள்ளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அப்படி உழைத்த கையோடு எங்களிடம் ஓதிய பிள்ளையொருத்தி, நிக்காஹுக்கு ஐந்து நாள் இருக்கையில் தாயாருடன் வந்தாள். வலக்கையில் இரண்டு நகங்கள் பாதிக்கு மேல் ஒடிந்திருந்தன. பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெண்மணி ஒருவர் அவள் கையைப் புரட்டிப் பார்த்து, "கூலிக்காரி கை மாதிரி இருக்கே" என்றாராம். அந்தச் சொல் தாயாரை உறுத்திக்கொண்டே இருந்தது. மதுரைக்கு அழைத்துச் சென்று, பத்து விரலுக்கும் பசை போட்டுச் செயற்கை நகம் ஒட்டிவிட முடிவு செய்திருந்தார். இரண்டு மூன்று வாரத்துக்குக் கழன்று வராதாம். பிள்ளைக்கு ஒரே கேள்விதான்: அதுவரை உளூ?

"ஒரு நாள் கல்யாணம், அல்லாஹ் மன்னிக்க மாட்டானா?" என்றார் தாயார். இந்தச் சொல்லைத்தான் நாம் மறுக்கிறோம்.

உளூவில் கைகளைக் கழுவுவது அல்மாயிதா அத்தியாயத்தின் 6ஆம் வசனம் விதித்த கடமை. நகமும் கையில் அடங்கும். ஒருவர் பாதத்தில் நகமளவு இடத்தை நனைக்காமல் விட்டதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், திரும்பிச் சென்று உளூவைச் செம்மையாகச் செய்யும்படி பணித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. நகமளவு இடத்திற்கே அந்நிலை எனில், பத்து நகங்களையும் பிளாஸ்டிக்கால் மூடிக்கொண்டவரின் தொழுகை என்னாவது? உளூ மட்டுமன்று, நிக்காஹுக்குப் பின் கடமையாகும் குளிப்பும் நிறைவேறாது. இல்லறத்தின் முதல் வைகறையே தொழுகை கூடாத வைகறையாகிவிடும். இதைத்தானா நாம் அலங்காரம் என்கிறோம்?

"காலுறைமீது மஸஹ் செய்யலாமே, நகத்தின்மீது ஏன் கூடாது?" என்று வாதிடுவோர் உண்டு. காலுறைச் சலுகை மார்க்கம் பாதங்களுக்கென்று அளித்தது. ஊரில் இருப்பவருக்கு ஒரு பகல் ஓர் இரவு, பயணிக்கு மூன்று என அதற்குக் கெடுவும் உண்டு. கடமையான குளிப்புக்கு அதையும் கழற்றியே ஆகவேண்டும். நகம் பெயர்ந்து புண்ணாகி மருந்துக்கட்டுப் போட்டிருந்தால் அது வேறு. கட்டின்மீது தடவ அனுமதி உண்டு. அதில் ஹனஃபி, ஷாஃபி மத்ஹபுகளுக்கிடையே உள்ள விவரத்தை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நோய்க்குத் தந்த சலுகையை ஒப்பனைக்கு இழுக்கக் கூடாது.

அப்படியானால் ஒடிந்த நகத்தை என்ன செய்வது? பிய்த்து இழுக்காமல் வெட்டி, ஓரத்தை அரத்தால் ஒரே பக்கமாகத் தேய்த்து, மற்ற நகங்களையும் அதே அளவுக்குக் குறைத்துவிடுங்கள். நகம் களைவது நபிமார்களின் வழிவந்த இயற்கை மரபுகளுள் ஒன்று. நாற்பது நாளைக் கடந்து விடக்கூடாது என்பதும் நாம் அறிந்ததே. விரல் நகம் மாதத்திற்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர்தான் வளரும்; ஆகவே ஐந்து நாளில் நீள நகம் வராது, வரவேண்டியதும் இல்லை. இரவில் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். சோப்புத் தண்ணீரில் அதிகம் கை வைக்காதீர்கள். பிறகு அரைத்த மருதாணி இடுங்கள். அதன் நிறம் நகத்தில் ஊறும், நீரைத் தடுக்காது. காய்ந்த விழுதை மட்டும் முழுதும் நீக்கிவிடுங்கள். உடனே கறுப்பாகப் பிடிக்கும் கூம்பு மருதாணி வேண்டாம். அவற்றில் பலவற்றில் தலைச்சாய மருந்து கலக்கிறார்கள். கையில் கொப்புளம் வரலாம்.

இனி, மாமியாராகப் போகும் பெண்மணிகளுக்கு ஒரு சொல். அன்னை ஃபாத்திமா (ரலி) அவர்களின் கை திருகை சுற்றிச் சுற்றிக் காய்த்துப் போயிருந்தது. பணியாள் கேட்டுச் சென்ற அம்மகளுக்கு, உறங்குமுன் ஓதும் தஸ்பீஹைத்தான் தந்தை (ஸல்) கற்றுத் தந்தார்கள். சுவனத்துப் பெண்களின் தலைவியின் கையை நீங்கள் புரட்டிப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? பிள்ளையின் தொழுகையைக் கேட்டு வரன் பார்க்கச் சென்றவர்கள் நகத்தைப் பார்த்துத் திரும்புவது முறையா? நீங்கள் சொன்ன ஒரு சொல், ஒரு கூலிக் குடும்பத்தைப் பல ஆயிரம் ரூபாய் கடனில் தள்ளுகிறது; ஒரு மணப்பெண்ணின் தொழுகையையும் கெடுக்கிறது. அதற்கு மறுமையில் பதில் சொல்லவேண்டியவர் அழகு நிலையக்காரர் மட்டும் அல்லர்.

அந்தப் பிள்ளை மதுரைக்குப் போகவில்லை. குறுக வெட்டிய நகமும் சிவந்த விரலுமாக நிக்காஹுக்கு அமர்ந்தாள். தாயாருக்கு இன்னும் மனக்குறைதான். ஆயினும் மறுநாள் ஃபஜ்ரை அவள் ஐயமின்றித் தொழுதாள்.

நம் பெண்மக்களின் உழைத்த கைகளை அல்லாஹ் கண்ணியப்படுத்துவானாக. ஆமீன்.