நதிக்கும் ஞாபகம் உண்டு!



ஹைட்ராலஜி பாடத்தில் நாம் எல்லோருமே மாஸ் கர்வ் வரைந்திருக்கிறோம். வருஷா வருஷம் வந்த நீரைக் கூட்டி, சராசரி பார்த்து, அணைக்குக் கொள்ளளவு எவ்வளவு என்று கண்டுபிடிப்போம். பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுவோம். என்னால் மறக்க முடியவில்லை. காரணம் எங்கள் வீட்டுக் கதை.

தாத்தாவுக்கு ஒன்றரை ஏக்கர் நிலம் இருந்தது. 2001-லும் 2002-லும் எங்கள் ஊரில் மழை பொய்த்தது. "ரெண்டு வருஷம் பேயலை, மூணாவது வருஷம் பேஞ்சே தீரும்" என்று வட்டிக்கு வாங்கி விதைத்தார். பேயவில்லை. நிலம் போனது. அப்பா கொத்துக்கரண்டி பிடித்தார். நான் பிறந்தது கொத்தனார் வீட்டில்.

தாத்தா கணக்கில் தப்பு எங்கே? தாயம் உருட்டும்போதுகூட, இரண்டு முறை விழவில்லை என்பதற்காக மூன்றாவது முறை விழுந்தே தீர வேண்டும் என்று சட்டம் இல்லை. இயற்கையோ தாயக்கட்டையைவிட மோசம்!

இதைக் கண்டுபிடித்தவர் ஹரால்ட் எட்வின் ஹர்ஸ்ட். இங்கிலாந்தில் ஒரு கிராமத்துக் கட்டிட வேலைக்காரரின் மகன். 15 வயதில் பள்ளியை விட்டவர், மாலை வகுப்பில் படித்து, உதவித்தொகையில் ஆக்ஸ்போர்டு போனார். (இதைப் படித்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்.) 1906-ல் எகிப்து போனவர், நைல் நதிக்கே வாழ்நாளைக் கொடுத்தார். கெய்ரோவில் ரோடா தீவின் நீர்மட்டப் பதிவுகள் கி.பி. 622-லிருந்தே உண்டு. நைலோடு நிற்காமல் மழை, மர வளையம், ஏரிச் சேற்றின் அடுக்கு எல்லாவற்றையும் கணக்கிட்டு 1951-ல் வெளியிட்டார்.

அவர் கேள்வி எளியது. வருஷா வருஷம் சராசரி அளவு நீரைத் தவறாமல் திறந்துவிட எவ்வளவு தேக்க வேண்டும்? ஒரு வருஷத்துக்கும் அடுத்த வருஷத்துக்கும் சம்பந்தமே இல்லையென்றால், 100 வருஷத்துக்குத் திட்ட விலக்கத்தைப் போல் 12½ மடங்கு போதும். நிஜப் பதிவுகள் அப்படிச் சொல்லவில்லை. வருஷ எண்ணிக்கையில் பாதியை 0.73 அடுக்குக்கு உயர்த்தச் சொன்னது ஹர்ஸ்ட் கணக்கு. கால்குலேட்டரில் தட்டிப் பாருங்கள், 17-ஐத் தாண்டும். 1000 வருஷத்துக்கு 40-க்குப் பதில் 93!

அதாவது கெட்ட வருஷங்கள் கும்பலாக வரும், நல்ல வருஷங்களும் அப்படியே. 'பட்ட காலிலே படும்' என்று நம் பாட்டிகள் சொன்னதுதான். மாண்டல்பிராட் இதை ஃப்ராக்டல் கணிதத்துக்குள் கொண்டுவந்தார். சின்னக் கும்பலுக்கு மேல் பெரிய கும்பல். பத்து வருஷ வரைபடமும் நூறு வருஷ வரைபடமும் ஒரே ஜாடை. எகிப்தில் ஏழு வருஷச் செழிப்பும் ஏழு வருஷப் பஞ்சமும் வந்த பைபிள் கதையை வைத்து, 1968-ல் 'யோசேப்பு விளைவு' என்று பெயரும் வைத்தார்கள்.

அப்படியானால் அடுத்த பஞ்சம் எப்போது என்று சொல்லிவிடலாமா? முடியாது. 1961-ல் லாரன்ஸ் என்ற வானிலை அறிஞர் கம்ப்யூட்டரில் 0.506127 என்பதை 0.506 என்று கொடுத்தார். வானிலையே வேறு பாதையில் போய்விட்டது. அதுதான் கேயாஸ். தேதி சொல்ல முடியாது. ஆனால் குதிர் எவ்வளவு பெரிசாக வேண்டும் என்று சொல்லலாம்.

பல வருஷ நீரைச் சேர்த்து வைக்கும் அஸ்வான் உயர் அணை 1970-ல் முடிந்தது. 1980-களில் நைலில் நீர் குறைந்து, எத்தியோப்பியா பஞ்சத்தில் வாடியபோது எகிப்து தாங்கியது அந்தச் சேமிப்பால்தான்.

இந்தக் கும்பல் ஏன் வருகிறது என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் ஒரே கருத்து இல்லை. ஆனால் ஏரியும் அணையும் கட்டுகிறவன் காரணம் தெரியும்வரை காத்திருக்க முடியுமா?

"டிப்ளமோவுக்கு இதெல்லாம் எதுக்குப்பா?" என்று சிலர் கேட்கலாம். சராசரியை மட்டும் நம்பிக் கட்டினால், கஷ்டப்படப் போவது சர்டிபிகேட் வாங்கிய நாம் அல்ல, வட்டிக்கு வாங்கி விதைத்தவர்கள். ஆகவே என் கோரிக்கை: மாஸ் கர்வ் பக்கத்திலேயே ஹர்ஸ்ட் எண்ணும் பாடத்தில் வரட்டும். அதுவரை, இறுதியாண்டு ப்ராஜெக்ட்டில் நம் ஊர் மழைமானிக் கணக்கை எடுத்து நாமே போட்டுப் பார்ப்போம். கூட்டல், கழித்தல், மடக்கை தெரிந்தால் போதும்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். தாத்தா போட்டுத் தோற்ற கணக்கைச் சரியாகப் போடத்தான் வந்திருக்கிறேன். நீங்களும் வாருங்கள்!

— மூன்றாம் ஆண்டு மாணவன், சிவில்