வேதியியல் போதுமாம்

உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளர் தவிர வேறு யாரும் கிளைபோசேட் களைக்கொல்லியைத் தெளிக்கக் கூடாது என்கிறது 2022 அக்டோபர் 21 தேதியிட்ட மத்திய அரசாணை. வரவேற்கிறோம். தேயிலைத் தோட்டத்துக்கும் பயிரில்லா நிலத்துக்கும் பதிவான மருந்தைக் கண்ட வரப்பிலெல்லாம் அடித்தோமே, கடிவாளம் வேண்டியதுதான்.

ஆனால் அந்த உரிமத்துக்கு விதி கேட்பது என்ன? வேளாண் பட்டம்; இல்லையென்றால் வேதியியலை ஒரு பாடமாகப் படித்த அறிவியல் பட்டம். கூடவே 15 நாள் பயிற்சி. தாவரவியலை யாரும் கேட்கவில்லை. கரையானையும் எலியையும் கரைத்துக் குடித்தவர் கையில் களைக்கொல்லியைக் கொடுத்தாயிற்று.

மழை பிடித்த பிறகு காலாப்பட்டில் ஒரு மனைப்பிரிவுக்குப் போயிருந்தேன். பார்த்தீனியத்துக்கென்று மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். தெளிப்பான் போன தடத்தில் பாதி கரிசலாங்கண்ணி. மேற்பார்வையாளரைக் கேட்டேன். "எல்லாம் வெள்ளைப்பூதானே சார்" என்றார். அவரை நோவானேன்? செடியைக் காட்டிச் சொல்லித்தர ஆளில்லை.

மாற்றிலையடுக்கம், வரியோடிய தண்டு, மஞ்சரியின் ஐந்து மூலைக்கு ஒன்றாகக் கண்ணுக்கு எட்டாத கதிர்மலர்: பார்த்தீனியம். எதிரிலையடுக்கமா, கசக்கினால் விரல் கறுக்கிறதா, கரிசலாங்கண்ணி. நீண்ட காம்பில் ஒற்றை மஞ்சரி, கதிர்மலர் நுனியில் மூன்று பல் என்றால் வெட்டுக்காயப்பூண்டு. பூக்குமுன் தரையோடு படிந்த இலைவட்டமாக இருக்கையில்தான் பார்த்தீனியத்தை ஒழிக்க வேண்டும். அப்போதோ இலை செவ்வந்தி நாற்று மாதிரி, மாசிபத்திரி மாதிரி. அங்கேதான் படிப்பு தேவைப்படுகிறது.

பார்த்தீனியத்தைத் தின்னட்டும் என்று 1984இல் பெங்களூரில் விட்ட மெக்சிகோ வண்டுக்கு இந்தப் படிப்பு பிறவியிலேயே உண்டு. அது சூரியகாந்தியைக் கடித்தது என்று புகார் வந்ததும் உண்மையறியும் குழுவே அமைத்தது அரசு. வண்டு தடம் மாறினால் குழு. மனிதன் மூலிகையைப் பொசுக்கினால் ஒரு சுற்றறிக்கைகூட இல்லை. இனங்காணல் பயிற்சி வேண்டும் என்று இந்தப் பக்கத்தில் எழுதி எழுதிக் கை ஓய்ந்தது. எழுதிப் போட்ட மனுக்கள் எந்த மேசையில் மட்குகின்றனவோ!

உரிமம் உள்ள வாசகர்களே, மருந்து கலக்குமுன் ஒரு செடியைப் பிடுங்கி இலையடுக்கத்தைப் பாருங்கள். ஐயம் இருந்தால் வேரும் பூவுமாகச் செய்தித்தாளில் அழுத்தி எங்களுக்கு அனுப்புங்கள். பெயர் சொல்லக் கட்டணம் இல்லை.