30 சதவீதம் ஸ்டிஃப்: எந்த வேகத்தில்?

எனக்கும் மெக்கானிக்கல் இன்ஜினியரிங்குக்கும் ஸ்நானப்ராப்தி கூடக் கிடையாது. படிப்பது பி.காம் மூன்றாம் வருஷம். ஆனாலும் ஷாக் அப்சர்பர் கிராஃப் பற்றி எழுத எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. காரணத்தின் பெயர் ஆச்சி.

எங்கள் பழைய காரில் பின்பக்க ஷாக் இரண்டும் ஆயில் கசிந்து செத்துப்போயின. அப்பா கடைக்குப் போனார். "சார், இது ஒரிஜினலை விட 30 சதவீதம் ஸ்டிஃப், நம்ம ரோட்டுக்குன்னே செஞ்சது" என்றார்கள். விலையும் கொஞ்சம் அதிகம். அதிக விலை என்றால் நல்ல சரக்கு என்பது அப்பாவின் நம்பிக்கை, மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். முதல் பள்ளத்திலேயே பின் சீட்டில் இருந்த ஆச்சி "ஏலே, என் இடுப்பு!" என்று அலறினார். சரி, இவ்வளவு கடினமாக இருக்கிறதே, வளைவிலாவது வண்டி சாயாமல் போகுமா என்றால் அதுவும் இல்லை. பழையபடி தொட்டில் ஆட்டம்.

என் மச்சான் மெக்கானிக்கல் படிக்கிறான். அவன் காலேஜ் லேபில் டைனோ என்று ஒரு மெஷின் உண்டு. ஷாக்கை அதில் மாட்டினால் மேலும் கீழும் இழுத்து அமுக்கி, எந்த வேகத்துக்கு எவ்வளவு விசை காட்டுகிறது என்று கிராஃப் போட்டுத் தரும். எங்கள் மாடலின் ஒரிஜினல் ஷாக் கிராஃப் ஏதோ பிராஜெக்ட்டுக்காக அவர்களிடம் முன்பே இருந்தது. புதுசில் ஒன்றைக் கழற்றிக்கொண்டு போய் மாட்டினோம்.

கிராஃப் இரண்டு வகை. முதலாவது விசையும் நகர்வும். முட்டை மாதிரி ஒரு மூடிய வளையம். வளையத்துக்குள் இருக்கும் பரப்புதான் ஒவ்வொரு சுற்றிலும் ஷாக் வெப்பமாக மாற்றிக் கழித்துவிடும் சக்தி. திசை மாறும் இடத்தில் வளையம் கடித்த முறுக்கு மாதிரி குறைபட்டிருந்தால் ஆயிலில் காற்றோ நுரையோ சேர்ந்திருக்கலாம். எங்களுடையதில் அப்படி எதுவும் இல்லை. அதாவது சரக்கு பழுது இல்லை!

இரண்டாவதுதான் முக்கியம். படுக்கை அச்சில் வேகம், நிமிர்ந்த அச்சில் விசை. நான் முதலில் தப்பாகப் புரிந்துகொண்ட இடமும் இதுதான். வேகம் என்றால் கார் போகும் வேகம் இல்லை, ஷாக்குக்குள் பிஸ்டன் நகரும் வேகம். நாற்கர சாலையில் 80-ல் போய் மெதுவாக லேன் மாறினால் பிஸ்டன் நகர்வது நொடிக்கு சில சென்டிமீட்டர்தான். தெருவில் 20-ல் போய்ப் பள்ளத்தில் விழுந்தால் அதைப்போலப் பல மடங்கு. ஆக, வளைவில் சாய்வது, பிரேக் அடித்தால் மூக்கு குனிவது எல்லாம் கிராஃபின் இடது ஓரம். பள்ளமும் கல்லும் வலது ஓரம்.

ஒரு சும்மா கணக்கு போடுவோம். இரண்டு ஷாக், இரண்டுமே நொடிக்கு 0.5 மீட்டரில் 900 நியூட்டன் காட்டுகின்றன. ஆனால் 0.1 மீட்டரில் ஒன்று 450, இன்னொன்று 100. கடைசி நம்பரை மட்டும் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். ஓட்டினால் மாமியாரும் மருமகளும். முதலாவது வண்டியின் ஆட்டத்தைப் பிடித்து நிறுத்தும். இரண்டாவது சின்ன அசைவை எல்லாம் விட்டுவிட்டுப் பள்ளத்தில் மட்டும் முட்டும்.

எங்களுக்குக் கிடைத்தது இந்த இரண்டாவது ரகம். இடது ஓரத்தில் ஒரிஜினலோடு ஒட்டியே போன கோடு, வலது பக்கம் போகப் போக மேலே எகிறியது. அமுக்கும் பக்கம், அதாவது கம்ப்ரஷனில், இன்னும் மோசம். கடைசிப் புள்ளியில் பார்த்தால் 30 சதவீதம் இருக்கிறது, கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. நாலாவது காலாண்டு விற்பனையை மட்டும் காட்டிக் கம்பெனி வளர்ந்துவிட்டது என்றால் எங்கள் அக்கவுண்ட்ஸ் சார் சும்மா விடுவாரா?

பம்பரை அமுக்கிப் பார்த்தாலே தெரியாதா என்பீர்கள். கையால் அமுக்குவது மெதுவான வேகம். செத்த ஷாக்கைக் கண்டுபிடிக்கலாம், பள்ளத்தில் என்ன செய்யும் என்று அது சொல்லாது.

என் கருத்து இதுதான். பிஸ்கட் பாக்கெட்டில் எடையும் எம்.ஆர்.பி.யும் போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஏசிக்கு ஸ்டார் லேபிள் இருக்கிறது. பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் ஷாக்கின் பெட்டியில் அந்த ஒரு கோட்டை அச்சடித்தால் என்ன? "யார் படிக்கப் போறாங்க" என்பது பதிலே இல்லை. பேலன்ஸ் ஷீட்டையும் எல்லோரும் படிப்பதில்லை, படிக்கத் தெரிந்த நாலு பேர் இருப்பதால்தான் கம்பெனிகள் ஒழுங்காக எழுதுகின்றன.

அச்சடித்தாலும் ஏமாற்ற வழி இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். விளம்பரங்களில் "மற்றவை", "நம்முடையது" என்று இரண்டு கோடு போட்டு அச்சில் நம்பரே இருக்காது. அது கிராஃப் இல்லை, கோலம். அமெரிக்கக் கிராஃபில் வேகம் நொடிக்கு இத்தனை இஞ்ச், விசை பவுண்டில் இருக்கும். 10 இஞ்ச் என்றால் 0.254 மீட்டர், ஒரு பவுண்டு விசை சுமார் 4.45 நியூட்டன். மாற்றாமல் ஒப்பிட்டால் கதை கந்தல். சிலர் ரீபவுண்டை மேலே போடுவார்கள், சிலர் கம்ப்ரஷனை. ஆயில் சூடானால் இளகி விசை குறையும் என்பதால் எத்தனை டிகிரியில் எடுத்தது என்றும் இருக்க வேண்டும். வேறு மாடல் காரின் கிராஃபோடு ஒப்பிடுவதும் வீண். வண்டியின் எடை, ஸ்பிரிங், ஷாக் மாட்டியிருக்கும் இடம் எல்லாமே வேறு.

இப்போது முன்பக்க ஷாக் மாற்றும் நேரம் வந்துவிட்டது. போன சனிக்கிழமை அப்பாவோடு நானும் போய் கிராஃப் இருக்கிறதா என்று நாலு கடையில் கேட்டேன். மூன்றில் சிரித்தார்கள். நாலாவது கடை அண்ணன் மட்டும் "கம்பெனிக்கு மெயில் போட்டுக் கேட்டுப் பாக்குறேன் தம்பி" என்றார். இன்னும் பதில் வரவில்லை. அதுவரைக்கும் ஆச்சி பின் சீட்டில் தலையணை போட்டுத்தான் உட்காருகிறார்.