புளியங்குளத்திலிருந்து ஒரு துவிச்சக்கரப் பயணம்

கண்டி வீதி வழியே வடக்கு நோக்கிப் பயணஞ் செய்வோரிற் பெரும்பாலோர் புளியங்குளத்தை ஒரு சந்தியாகவே அறிவர். வவுனியாவிலிருந்து ஏறத்தாழ 25 கி.மீ. தூரத்தில் பஸ் வண்டி ஒரு கணம் நிற்கிறது. இருவர் இறங்குகின்றனர், மூவர் ஏறுகின்றனர். வண்டி மீண்டும் விரைகிறது. உறங்குவோர் உறக்கம் கலையாமலே ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் ஆகிய நான்கு ஊர்களையுங் கடந்து கிளிநொச்சியை அடைந்துவிடுகின்றனர். "வன்னியைக் கண்டீர்களா?" என்று அவர்களை வினவினால், "கண்டோம்" என்றே விடை பகர்வர். அவர்கள் கண்டது வீதியைத்தான்.

ஓர் ஊரை அறிவதற்கு வேகமும் ஒரு தடையாகும். மோட்டார் வாகனத்தின் வேகத்தில் மரங்கள் யாவும் ஒரே பச்சைச் சுவராகிவிடுகின்றன. நடந்தே செல்வோமெனின் வன்னியின் வெயிலும், ஊருக்கும் ஊருக்கும் இடையேயுள்ள தூரமும் நம்மைக் களைப்பித்துவிடும். இவ்விரண்டிற்கும் நடுவே, மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கி.மீ. செல்லுந் துவிச்சக்கரவண்டி நமக்கு வாய்த்த நற்றுணையாகும். அதிற் செல்வோர்க்கு மயில் அகவுவது கேட்கும், பாலை எது, முதிரை எது என இனம் பிரித்தறிய இயலும், எதிரே வரும் முதியவரிடம், "ஐயா, இந்தக் குளத்துக்கு என்ன பேர்?" என்று காலூன்றி நின்று கேட்கவும் இயலும். ஆகவே இவ்வாரம் நம் வாசகர்களையும், சிறப்பாக விடுமுறையை எங்ஙனங் கழிப்பதெனத் திகைத்திருக்கும் மாணவர்களையும், புளியங்குளச் சந்தியிற் கிழக்கே திரும்பி நம்முடன் வருமாறு அழைக்கிறோம்.

புறப்படுமுன் ஒன்றை மனத்திற் கொள்ளல் வேண்டும். வன்னியில் ஊர்ப்பெயரே சிறந்த வழிகாட்டியாகும். ஆண்டு முழுவதும் வற்றாது ஓடும் பேராறு இங்கு இல்லை. கனகராயன் ஆறு போன்றவையும் மாரியிற் பெருகிக் கோடையில் ஒடுங்குவனவே. வடகீழ்ப் பருவக்காற்றுக் கொணரும் மழையைத் தேக்கிவைத்தே நம் முன்னோர் வாழ்ந்தனர். நீர் நின்ற இடம் ஊராயிற்று. நீர்நிலையின் பெயர் ஊரின் பெயராயிற்று. புளியங்குளத்திற் புளியும், மாங்குளத்தில் மாவும் இன்றும் பெயரளவிலாவது நிற்கின்றன. வவுனியாவைப் பழையோர் வவுனியா விளாங்குளம் என்றே வழங்கினர். குளம் மாத்திரமா? நெடுங்கேணியிலே கேணி உண்டு. கற்சிலைமடுவிலே மடு உண்டு. தண்ணீரூற்றிலே ஊற்று உண்டு. காட்டோரத்துச் சிறு நீர்நிலையை மோட்டை என்பர். நீருக்கு இத்தனை பெயரிட்ட மக்கள் அதனை எத்துணை நுணுக்கமாக நோக்கி வாழ்ந்திருத்தல் வேண்டும்!

சந்தியிலிருந்து கிழக்கே செல்லும் நெடுங்கேணி வீதி பெரிய ஏற்ற இறக்கம் இல்லாதது. மெதுவாக மிதிப்பவர்களும் காலை வெயில் ஏறுமுன் நெடுங்கேணியை அடைந்துவிடலாம். இருபுறமும் காடு சிறிது தூரம், வயல் சிறிது தூரம், மீண்டுங் காடு என மாறி மாறி வரும். வழியிற் காணுங் குளமொன்றின் கட்டிலே ஏறி நின்று பாருங்கள். ஒருபுறம் நீர்; மறுபுறம் அந்நீரை நம்பி விளையும் வயல். துருசைத் திறந்தால் நீர் வாய்க்காலிற் பாய்கிறது. குளம் நிரம்பினால் மிகுதி நீர் வான் வழியே வெளியேறி அடுத்த குளத்தை நோக்கிச் செல்கிறது. வகுப்பறையிற் கரும்பலகையில் வரைந்து விளக்கப்படும் குளத்து நீர்ப்பாசனத்தை இங்கே பிள்ளைகள் அரைமணி நேரத்திற் கண்ணாரக் கண்டு கற்றுக்கொள்வர்.

நெடுங்கேணியிலிருந்து வடக்கே திரும்பினால் ஒட்டுசுட்டானை அடையலாம். இங்குள்ள தான்தோன்றீசுவரர் கோயில் வன்னியின் பழம்பெருந் தலங்களுள் ஒன்று. குரக்கன் அறுத்த பின் எஞ்சிய ஒட்டைக் கமக்காரர் ஒருவர் சுட்டபோது, அவ்விடத்திலே சிவலிங்கம் வெளிப்பட்டதென்றும், அதனாலேயே ஊருக்கு இப்பெயர் வந்ததென்றும் ஊரவர் கூறுவர். பெருமன்னர் கட்டிய கோபுரத்தின் கதையன்று இது. சேனைப்பயிர் செய்த ஏழைக் கமக்காரனின் கதை. இம்மண்ணின் இயல்பிற்கு ஏற்ற தலவரலாறு இதுவெனல் தகும்.

ஒட்டுசுட்டானுக்கு அண்மையிலுள்ளது கற்சிலைமடு. வன்னியின் இறுதிக் குறுநில மன்னனாகிய பண்டாரவன்னியன் 1803ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25ஆம் நாள் முல்லைத்தீவிலிருந்த ஆங்கிலேயர் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினான். அவ்வாண்டு ஒக்டோபர் 31ஆம் நாள் கற்சிலைமடுவில் வொன் டிறிபேர்க் என்னும் படைத்தலைவன் அவனை முறியடித்தான். அந்நிகழ்ச்சியைக் குறித்து ஆங்கிலத்திற் பொறித்த கல்லொன்று அங்கு நாட்டப்பட்டது. கல்லை நாட்டியோர் வென்றவரின் பெயரை முன்னே எழுதினர். ஆயினும் இன்று அவ்விடத்தைத் தேடிச் செல்பவர் எவரும் வென்றவருக்காகச் செல்வதில்லை. எழுத்திலே தோற்றவன் மக்கள் நினைவிலே நின்றுவிட்டான். சரித்திர பாடத்தை மனனஞ் செய்யும் மாணவன் இங்கு வந்து ஒருமுறை நிற்பானாயின், அந்தத் திகதிகளை மீண்டும் மனனஞ் செய்ய வேண்டியிராது.

மேலுஞ் செல்லும் வலுவுடையோர் ஒட்டுசுட்டானிலிருந்து முள்ளியவளை வழியாகக் கடலை நோக்கிச் செல்லலாம். வற்றாப்பளையிலே கண்ணகை அம்மன் கோயில் உள்ளது. மதுரையை எரித்தபின் ஈழத்திற்கு வந்த கண்ணகி தங்கிய பத்தாவது இடம் இதுவென்றும், பத்தாப்பளையே வற்றாப்பளை ஆயிற்றென்றும் கூறுவர். வைகாசிப் பொங்கலின்போது கடல்நீரில் விளக்கெரிக்கும் வழக்கம் இக்கோயிலின் சிறப்பாகும். அருகே நந்திக்கடல் விரிந்து கிடக்கிறது. 2009ஆம் ஆண்டு மே மாதத்திற் போர் முடிவுற்றது இந்நீர்ப்பரப்பின் கரையிலேயே என்பதை நாம் பிள்ளைகளுக்கு மறைக்க வேண்டியதில்லை. வண்டியை நிறுத்தி, பேச்சை நிறுத்தி, அங்கே சிறிது நேரம் நிற்பது தகும்.

திரும்பும்போது ஒட்டுசுட்டானிலிருந்து மேற்கே மாங்குளத்தை அடைந்து, கண்டி வீதியாற் புளியங்குளம் வரலாம். முல்லைத்தீவு வரை செல்வோர் இதனை இரண்டு நாட்பயணமாக வகுத்துக்கொள்ளல் நலம். ஒட்டுசுட்டானோடு திரும்புவோர்க்கு, காலுக்குப் பழக்கம் இருப்பின், ஒருநாளே போதும்.

"இவ்வாறு சிலர் வண்டி மிதித்துச் செல்வதால் ஊருக்கு யாது பயன்?" என்று சிலர் வினவக்கூடும். அவர்களுக்கு விடையாக ஸ்பெயின் தேசத்தைக் காட்டலாம். அங்கே கைவிடப்பட்ட ரயில் பாதைகளை 1993ஆம் ஆண்டு முதல் துவிச்சக்கரவண்டிக்கும் நடைக்கும் உரிய பசுமை வழிகளாக மாற்றி வருகின்றனர். இன்று அவற்றின் நீளம் 3,000 கி.மீ.க்கு மேற்பட்டது. நம் கத்தோலிக்க அன்பர்கள் சந்தியாகுமையோர் என வணங்கும் புனிதரின் கோயிலுக்குச் செல்லும் யாத்திரை வழியும் அந்நாட்டிலேயே உள்ளது. நடந்து செல்வோர் குறைந்தது 100 கி.மீ. தூரத்தையும், துவிச்சக்கரவண்டியிற் செல்வோர் குறைந்தது 200 கி.மீ. தூரத்தையும் கடந்தாலன்றி யாத்திரைச் சான்றிதழ் பெறுதல் இயலாது. அதற்கு அத்தாட்சியாக வழியிலுள்ள ஊர்களிலே தங்கள் சிறு புத்தகத்தில் முத்திரை பெற்றுக்கொள்வர். முத்திரைக்காக நிற்பவர் ஒரு கோப்பிக்காகவும் நிற்கிறார், இரவு தங்குகிறார், பழைய கோயிலைப் பார்க்கிறார். பார்ப்பார் உள்ள பழம்பொருளே பேணுவார் உள்ள பொருளாகிறது.

நமக்கு இது முற்றிலும் புதிய கருத்தன்று. செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமஞ் செல்லும் பாதயாத்திரை அடியார்கள் முல்லைத்தீவு வழியாக நெடுங்காலம் நடந்தே சென்றனர். ஊர்கள் அவர்களுக்குச் சோறும் நீரும் அளித்தன. அவர்கள் ஒவ்வோர் ஊரின் செய்தியையும் அடுத்த ஊருக்கு அளித்தனர்.

எனினும் ஸ்பெயினுக்கும் நமக்கும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. அங்கே துவிச்சக்கரவண்டி ஓய்வுநாளின் இன்பம். வன்னியில் அது உயிர் காத்த வாகனம். 1990ஆம் ஆண்டு முதல் ரயிலும் நின்று, எரிபொருளுக்கும் தடை வந்த காலத்தில், நெல் மூடையும் விறகும் நோயாளியும் அதன் கரியரிலேயே ஏறினர். 1997இற் புளியங்குளம் பல மாதங்கள் போர்க்களமாயிற்று. மக்கள் இடம்பெயர்ந்தபோது வீட்டிலிருந்து எடுத்துச் செல்லக்கூடியதெல்லாம் அந்த வண்டி தாங்கக்கூடிய அளவாகவே இருந்தது. 2022இல் நாடு முழுவதும் எரிபொருளின்றித் தவித்தபோது, தலைநகரத்தார் புதிதாகக் கண்டுபிடித்த துவிச்சக்கரவண்டியை வன்னியார் ஒருபோதும் கைவிட்டிருக்கவில்லை.

இவ்விடத்திலேதான் நம் கவலையும் தோன்றுகிறது. பல்லாண்டு இடம்பெயர்ந்திருந்து மீண்ட குடும்பங்களின் பிள்ளைகள் வேறு வேறு ஊர்களிலே பிறந்து வளர்ந்தவர்கள். எந்த வயலுக்கு எந்தக் குளத்து நீர், எந்த மோட்டையில் எக்காலத்தில் நீர் வற்றும் என்பவற்றை அறிந்த முதியோர் ஒருவர் பின் ஒருவராக மறைந்து வருகின்றனர். வீதியோரப் பெயர்ப்பலகை ஊரின் பெயரை மாத்திரமே கூறும். ஏன் அப்பெயர் என்று கூறாது. அதனைக் கூறவல்லோர் உள்ளபோதே கேட்டறிதல் நம் கடனாகும்.

பயணத்திற்குச் சில அறிவுரைகள். மழை ஓய்ந்து குளங்கள் நிறைந்து நிற்கும் தை, மாசி மாதங்களே மிக்க ஏற்றவை. அக்காலத்து வாடைக்காற்றுக் கிழக்கே செல்லும்போது முகத்தில் அடிக்கும். ஆதலால் வலுவுள்ள காலை வேளையிற் கிழக்கே சென்று, களைத்த மாலையிற் காற்றை முதுகில் ஏற்றுத் திரும்புதல் எளிது. ஆனி, ஆடியிற் பாலைப்பழம் கிடைக்கும், வெயிலோ கடுமையாகும். முள் தைக்காத ரியூப் வன்னியில் இல்லை. பம்பும், ஒட்டுப்போடும் பொருட்களும், போதிய குடிநீரும் கட்டாயம் வேண்டும். யானைகள் நடமாடும் பகுதிகள் உள்ளமையாற் சூரியோதயத்தின் பின் புறப்பட்டு, பொழுது சாயுமுன் ஊரை அடைதல் வேண்டும். கண்டி வீதியில் வாகனங்கள் பெருவேகத்தில் வருவன; அங்கே ஒருவர் பின் ஒருவராகவே செல்லுங்கள்.

இவை எல்லாவற்றினும் மேலான எச்சரிக்கை ஒன்றுண்டு. மிதிவெடி அகற்றும் பணி வன்னியில் இன்னும் முற்றுப்பெறவில்லை. ஆதலின் மக்கள் நாளும் பயன்படுத்தும் பாதையை விட்டுக் காட்டினுள் இறங்குதல் எக்காரணங்கொண்டும் ஆகாது. எச்சரிக்கைப் பலகையைக் கண்டால் அப்பாற் செல்லற்க. ஐயமிருப்பின் ஊரவரைக் கேட்க.

பெற்றோர்களே, புது வண்டி வாங்க வேண்டியதில்லை. பாடசாலைக்கும் சந்தைக்கும் செல்லும் அதே வண்டி போதும். மகனை மாத்திரமன்றி மகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். நாளும் பாடசாலைக்கு வண்டி மிதிக்கும் பெண்பிள்ளைக்கு இத்தூரம் பெரிதன்று. மாணவர்களே, ஸ்பெயின் யாத்திரிகரின் முத்திரைப் புத்தகம் போல நீங்களும் ஒரு கொப்பி எடுத்துச் செல்லுங்கள். ஊருக்கு ஒரு பக்கம்: ஊரின் பெயர், குளத்தின் பெயர், அருகில் நின்ற மரம், சொல்லித் தந்த பெரியவர் கூறிய கதை. முதற்பக்கத்திலே புளியங்குளம் என்று எழுதுங்கள். அந்தக் குளம் எங்கேயுள்ளது என்று சந்தித் தேநீர்க்கடையில் இருக்கும் முதியவரைக் கேட்டறிந்த பின்னரே வண்டியில் ஏறுங்கள்.