நோட்டில் இருக்கிறார்கள், ரோலில் இல்லை

"வேலூர்ல வயசானவங்களுக்கு என்ன குறை? அதான் சி.எம்.சி. இருக்கே!" இதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். வங்காளத்திலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் ரிப்போர்ட் கட்டோடு காட்பாடி ஸ்டேஷனில் இறங்குகிறவர்களைத் தினமும் பார்க்கிறோம், சரி. ஆனால் ஆஸ்பத்திரி பக்கத்தில் இருப்பது வேறு, அதன் கவுண்டரில் நீட்டக் காசு இருப்பது வேறு.

ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் வீட்டு வாசலில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைக்கும் பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. தோலையும் நூலையும் கொண்டுவந்து கொடுப்பவர் ஏஜென்ட். ஷூ ஐரோப்பாவுக்குப் போய்விடும். முதுகுவலியும் மங்கிய கண்ணும் இங்கேயே தங்கிவிடும்.

இதே வேலையை ஃபேக்டரிக்குள் ரோலில் இருந்து செய்தவர் 10 வருஷ சர்வீஸ் காட்டினால் 58 வயதில் பி.எஃப். பென்ஷன் உண்டு. 2014லிருந்து குறைந்தபட்சம் மாசம் 1,000 ரூபாய் என்று வைத்திருக்கிறார்கள், அதுவே கேவலம். ஈ.எஸ்.ஐ.யில் 5 வருஷம் இருந்து ரிட்டயர் ஆனவர் வருஷத்துக்கு 120 ரூபாய் கட்டினால் கணவன், மனைவி இருவருக்கும் வைத்தியம். மாசத்துக்கு அல்ல, வருஷத்துக்கு. வாசலில் உட்கார்ந்து தைத்தவருக்கு இந்த இரண்டும் கிடையாது. மிஞ்சுவது அரசின் முதியோர் உதவித்தொகை, 1,200 ரூபாய். அதை வாங்க வறுமையை நிரூபிக்க வேண்டும். உழைத்ததை நிரூபித்துப் பிரயோஜனமில்லை.

"பசங்க பாத்துப்பாங்க" என்பார்கள். பசங்களும் அதே ஜோடிக்கணக்குக் கூலியில்தானே இருக்கிறார்கள்!

நான் சாஃப்ட்வேர்காரன். டேட்டாபேஸில் ஒரு வரி விடுபட்டால் அதை பக் என்போம். இங்கே அப்படி எதுவும் விடுபடவில்லை. பெயரை எழுதாமல் விட்டால் முதலாளியின் பி.எஃப். பங்கு மிச்சம், அவ்வளவுதான்.

வீட்டு வேலைக்கு எப்படி பி.எஃப். என்று கேட்பவர்கள் குடியாத்தம் பக்கம் போய் பீடி சுற்றுகிறவர்களைப் பார்க்கட்டும். வீட்டிலிருந்து பீடி சுற்றுகிறவரும் பி.எஃப். சட்டப்படி தொழிலாளிதான் என்று 1985லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சரியில்லாத பீடியைக் கழித்துக்கட்டும் உரிமை முதலாளிக்கு இருக்கிறதே, அதுவே மேற்பார்வைதான் என்பது அந்தத் தீர்ப்பு. தையல் கோணல் என்று ஏஜென்ட் திருப்பிக் கொடுக்கும் ஜோடிக்கு மட்டும் வேறு நியாயமா?

ஆதாரம் எங்கே என்று தேட வேண்டியதில்லை. யார் எத்தனை ஜோடி தைத்தார் என்று எழுதிவைக்காமல் எந்த ஏஜென்டும் கூலி கொடுப்பதில்லை. அந்த நோட்டைத்தான் முதலில் பி.எஃப். ஆபீஸ் கேட்டு வாங்க வேண்டும்.